அண்ணையின் கட்டிலுக்குக் காவல்

பன்னிரண்டு மணிக்கு மணி அடித்ததும் பெரியாஸ்பத்திரியில் நோயாளிகளைப் பார்க்கக் கதவு திறப்பார்கள். சாப்பாட்டுக் கரியரும் சுடுதண்ணிப் போத்தலுமாகச் சனம் உள்ளே பாயும். அதற்கு ஐந்து நிமிஷம் முன்னதாகவே, அண்ணைக்குத் துணையாக வாட்டில் நிற்கிற நான் என் கதிரையை இழுத்து அண்ணையின் கட்டிலோடு குறுக்கே போட்டுவிடுவேன். யாரென்றாலும் என்னைக் கடந்துதான் அவருடைய தலைமாட்டுக்குப் போகலாம்.

அன்றைக்கு முதலில் வந்தது இரண்டு பெண்கள். ஒருத்தியின் கையில் சின்ன ஒலிவ் எண்ணெய்ப் போத்தல். எங்களுக்குத் தெரிந்தவர்களும் இல்லை, பக்கத்துக் கட்டில்காரரின் சொந்தமும் இல்லை.

"ஐயாவுக்காக ஒரு நிமிஷம் செபிக்கட்டோ?"

"ஐயா நித்திரை."

"நித்திரையிலையும் கர்த்தர் தொடுவார்."

"தொடுவார், தொடுவார். அதுக்குத்தான் நான் இதிலை குந்தியிருக்கிறன்."

அவர்கள் கோபிக்கவில்லை. ஒரு துண்டுப் பிரசுரத்தைக் கட்டில் ஓரத்தில் வைத்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்கள். அண்ணை கண்ணைத் திறக்காமலே சிரித்தார். நான் பிரசுரத்தை எடுத்து மடித்துக் கரியரின் அடியில் வைத்தேன், சாம்பார் ஒழுகிக்கொண்டிருந்தது.

சென்ற கிழமை இந்தப் பத்தியில் என் தபால் கந்தோர்க் கதைகளுக்கு நடுவே அண்ணையைப் பற்றி ஒரு வரி எழுதியிருந்தேன். சாமி கும்பிடாத மனிதன், மூன்று நான்கு வருஷத்துக்கு முன்னர் மாம்பழக் காலத்தில் போய்ச் சேர்ந்தார் என்று. அதைப் படித்துவிட்டு இரண்டு பேர் தொலைபேசியில் கூப்பிட்டார்கள். இருவரும் கேட்டது ஒரே கேள்வி. "உண்மையைச் சொல்லுங்கோ, கடைசியிலை அவர் எந்தப் பக்கம் போனவர்?" ஆள் செத்துச் சாம்பலாகி, அல்ல, சாம்பலாகாமலே போனபிறகும் சனத்துக்குச் சந்தேகம் தீரவில்லை. ஆகவே இந்தக் கிழமை அதையே எழுதுகிறேன்.

தெய்வம் என்று பெயர், தெய்வம் இல்லை என்று பேச்சு

அண்ணையின் பெயர் தெய்வேந்திரம். பஸ் டிப்போவில் எஞ்சின் திருத்துகிற பிற்றராக இருந்தவர். தொழிற்சங்கக்காரர், இடதுசாரி, கலியாணம் கட்டாதவர். அளவெட்டியில் எங்கள் வீட்டுப் பின் அறையில்தான் கடைசிவரை இருந்தார். கோயிலில் திருவிழா நடக்கும், நாதஸ்வரம் ஊரைத் தூக்கும். அண்ணை வேலியடியில் நின்று காது கொடுத்துக் கேட்பார், உள்ளே போகமாட்டார். "வாசிக்கிறவனுக்கு என்ரை கும்பிடு. உள்ளை இருக்கிற ஆளோடை எனக்குக் கொடுக்கல் வாங்கல் இல்லை," என்பார். நானோ அந்தக் கோயிலின் பரிபாலன சபைச் செயலாளர்.

சிறுநீரகம் பழுதாகி, இனிப் பெரிதாகச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று டொக்டர் சொன்ன கிழமை அண்ணை என்னைக் கூப்பிட்டார். தன் உடம்பை வைத்தியபீடத்துப் பிள்ளைகள் வெட்டிப் படிக்கக் கொடுப்பதாக ஒரு படிவம் நிரப்பி வைத்திருந்தார். அதில் நெருங்கிய சொந்தமான உரித்தாளன் என்று நான் கையெழுத்துப் போடவேண்டும்.

"ஐயர் வேண்டாம், குருக்கள் வேண்டாம், பாதிரி வேண்டாம். செத்தவீட்டுச் சுண்ணம் இடிக்கிறேல்லை, ஒரு பாட்டும் பாடுறேல்லை. விளங்குதோ?"

"விளங்குது."

"எனக்கு நினைவு இருக்கேக்கை ஒருத்தனும் கிட்ட வரான். நினைவு தப்பத்தான் வருவாங்கள். அப்ப ஒருத்தரையும் விடாதை. எனக்கு நீ ஒருத்தன்தான் இருக்கிறாய்."

கையெழுத்துப் போட்டேன். எனக்குப் பிடிக்கவில்லை. என் கூடப்பிறந்தவன் மேசையில் கிடக்க, அறியாத பிள்ளைகள் கத்தியோடு நிற்கும் காட்சி நெஞ்சை அறுத்தது. கொள்ளி இல்லை, அந்தியேட்டி இல்லை என்றால் அந்த உயிர் எங்கே போய் நிற்கும்? ஆனாலும் அண்ணை கேட்டு நான் மறுத்ததில்லை. அப்படித்தான் காவல்காரன் ஆனேன்.

பூட்டன் இரண்டு தரம் மாறிய கதை

மதம் மாற்ற வருகிறவர்கள் என்றால் எனக்கு ஏன் இத்தனை சந்தேகம் என்று கேட்பீர்கள். அது பரம்பரைச் சொத்து.

எங்கள் பூட்டன், பாட்டனின் தகப்பன், அமெரிக்க மிஷன் பள்ளிக்கூடத்தில் இங்கிலிஷ் படிப்பதற்காக ஞானஸ்நானம் எடுத்தவர். அவருக்கு வாயில் நுழையாத ஒரு வெள்ளைக்காரப் பெயரும் வைத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை காற்சட்டையோடு ஆராதனைக்குப் போவார், வெள்ளிக்கிழமை வீட்டில் மரக்கறிதான் சாப்பிடுவார். அரசாங்க உத்தியோகம் கிடைத்த கிழமையே குருக்களிடம் போய்த் தீட்சை கேட்டு மறுபடியும் சைவரானார். எங்கள் குடும்பத்தில் முதல் எழுத்து, முதல் உத்தியோகம், முதல் கல்வீடு எல்லாம் அந்த ஒரு செம்புத் தண்ணீரில் இருந்து வந்ததுதான். இதை ஊரில் சொல்லமாட்டோம். வேதக்காரர் ஆசை காட்டி ஆள் பிடிக்கிறார்கள் என்று மட்டும் சொல்வோம்.

அந்தப் பூட்டனின் ரத்தம் உள்ளவனுக்கு யாரைக் கண்டாலும் சந்தேகம் வரத்தானே செய்யும்? ஒருவன் புதிதாகச் சைக்கிள் வாங்கினால் எந்தக் கிறிஸ்தவ சபை கொடுத்தது என்று பார்ப்பேன். ஒரு வீட்டில் வெள்ளிக்கிழமை மீன் பொரிகிற மணம் வந்தால் நின்று மூக்கை நீட்டுவேன். ஒரு தரம் அப்படி மணம் பிடித்து, அந்த வீட்டுக்காரர் மாறிவிட்டார் என்று கோயில் கூட்டத்திலேயே சொல்லிவிட்டேன். விசாரித்தால் அங்கே கொழும்பிலிருந்து வந்த மருமகனுக்குக் கிழமை தெரியாதாம். மன்னிப்புக் கேட்டேன். ஆனாலும் அந்த மருமகன் மேல் எனக்கு இன்னும் ஒரு கண் உண்டு.

வாட்டுக்குள் வந்த சமயங்கள்

ஆஸ்பத்திரியில் ஒரு மாதம் இருந்தால் உலகத்துச் சமயங்கள் எல்லாம் தானாகவே நடந்து வரும். நான் ஒவ்வொன்றையும் முறைத்துப் பார்த்தேன்.

சபைக்காரருக்கு அவசரம். இன்றைக்கே, இப்பவே, ஓம் என்று சொன்னால் போதும் என்பார்கள். பழைய மெதடிஸ்த போதகர் அதற்கு நேர்மாறு. வந்து இருந்து, மழை பெய்யுமோ என்று கேட்டு, என் பென்சனைப் பற்றிக் கதைத்துவிட்டுப் போவார். ஆண்டவர் என்ற சொல்லே வாயில் வராது. அதுதான் எனக்குக் கூடுதல் பயம். நூறு வருஷம் பள்ளிக்கூடம் கட்டிக் காத்திருந்தவர்களுக்கு ஒரு மாதம் காத்திருக்கத் தெரியாதா?

மூலைக் கட்டிலில் ஒரு சிங்களப் பெடியன், ஆமிக்காரன். அவனைப் பார்க்க ஒரு பிக்கு வந்தார். ஓதிய நூல்கட்டை எடுத்து அவன் கையில் கட்டியவர், வரிசையாகக் கை நீட்டியவர்களுக்கெல்லாம் கட்டிக்கொண்டே வந்தார். பெயர் கேட்கவில்லை, ஊர் கேட்கவில்லை. அண்ணையின் கையைப் போர்வைக்குள் தள்ளுகிற அவசரத்தில் என் கை வெளியே நீண்டுவிட்டது. மனிதர் கட்டிவிட்டார். அறுத்தால் பாவமோ, அறுக்காவிட்டால் துரோகமோ என்று தெரியாமல் இரண்டு நாள் சேட்டுக் கையை இறக்கி விட்டுக்கொண்டு திரிந்தேன்.

பக்கத்துக் கட்டிலில் ஹமீது காக்கா, இரும்புக்கடைக்காரர். அவரைப் பார்க்க மௌலவி ஒருவர் வருவார். எங்கள் பக்கம் திரும்புவார் என்று நானும் நாள்கணக்காகப் பார்த்தேன். அவர் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "மேற்கு எந்தப் பக்கம்?" காக்கா தொழுவதற்காகக் கட்டிலை அந்தப் பக்கம் திருப்பிப் போட நானே ஒரு கை கொடுத்தேன். பிறகு பொறுக்கமுடியாமல் காக்காவிடம் கேட்டுவிட்டேன்.

"உங்கடை ஆக்கள் ஏன் அண்ணையோடை ஒண்டும் கதைக்கேல்லை?"

"சொல்லுறது எங்கடை கடமை, திருப்புறது அல்லாஹ்வின்ரை வேலை. உங்கடை அண்ணை முழிச்சிருக்கேக்கை நான் சொன்னனான். வேண்டாம் எண்டவர். நித்திரையிலை கிடக்கிற ஆளுக்கு ஆராவது கலிமா சொல்லிக் குடுப்பினமோ?"

இதை எதற்குச் சொல்கிறார், என்னைத்தான் குத்துகிறாரோ என்று எனக்கு உடனே சந்தேகம் வந்தது. ஏனென்றால் நான் ஒரு வேலை செய்துகொண்டிருந்தேன். ஒளிக்காமல் எழுதுகிறேன்.

ஒரு மணிக்குச் சனத்தை வெளியே அனுப்பிய பிறகு வாட்டு அடங்கும். அண்ணை சாப்பிட்டுவிட்டு அயர்வார். என் மனைவி புவனம் தொண்டைமானாற்றுச் சந்நிதி முருகன் கோயிலில் இருந்து திருநீறு வாங்கி, காகிதத்தில் மடித்து என் சேட்டுப் பையில் வைத்துவிடுவாள். நேர்ஸ் மிஸ்ஸி அந்தப் பக்கம் திரும்பியதும் ஒரு துளி எடுத்து அண்ணையின் நெற்றியில், தலைமயிரோடு ஒட்டிய இடத்தில், தெரியாமல் பூசிவிடுவேன். முருகா என்று மனதுக்குள் சொல்வேன். அவர் எழும்புவதற்குள் வேர்வையில் கரைந்துவிடும்.

இதை மதமாற்றம் என்று நான் ஒருநாளும் நினைக்கவில்லை. சைவர்கள் யாரையும் மாற்றுவதில்லை என்றுதானே நாங்கள் மேடைக்கு மேடை பேசுகிறோம். அவர் பிறந்ததே சைவனாக, நான் புதிதாக என்ன செய்துவிட்டேன் என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன்.

கறுப்புறைப் புத்தகம்

ஒரு நாள் மத்தியானம் வாட்டு வாசலிலேயே ஒரு கிழவரைப் பிடித்துவிட்டேன். முழுக்கை வெள்ளைச் சேட்டு, சப்பாத்து, சிப் வைத்த கறுப்புறை போட்ட தடித்த புத்தகம். மற்றக் கையில் ஒரு பை நிறையக் கறுத்தக்கொழும்பான் மாம்பழம்.

"தெய்வேந்திரத்தைப் பாக்க வந்தனான்."

"நீங்கள் ஆர்?"

"பாஸ்டர் சாமுவேல்."

"பாக்க ஏலாது. டொக்டர் ஒருத்தரையும் விடவேண்டாம் எண்டவர்."

பச்சைப் பொய். அவர் என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். வாக்குவாதப்படவில்லை. "அப்ப இதைக் குடுங்கோ," என்று பையைத் தந்துவிட்டுப் படியிறங்கிப் போனார். ஒரு கால் கொஞ்சம் இழுத்தது.

உள்ளே வந்ததும் பெருமை தாங்கவில்லை. "அண்ணை, இண்டைக்கு ஒரு பெரிய ஆளையே கலைச்சு விட்டனான். பாஸ்டர் சாமுவேலாம்! மாம்பழத்தோடை வந்து நிக்கிறார்."

அண்ணை எழும்பி உட்கார முயன்றார். முடியவில்லை. "கால் இழுத்து நடந்தவனோ?"

"ஓம்."

"அட விசரா. அது சின்னராசா."

சின்னராசா என்றால் எனக்குத் தெரியும். அண்ணையோடு டிப்போவில் கொண்டக்ரராக இருந்தவர். ஒரு வேலைநிறுத்தத்தில் இரண்டு பேருக்கும் ஒன்றாக வேலை போனது. எனக்கு நினைவில் இருந்தது பெரிய மீசையும் சுருட்டை மயிருமான ஆள். மாதம் ஒருதரம் அண்ணை கொடிகாமத்துக்குப் பஸ் ஏறுவதைக் கட்சிக் கூட்டம் என்று நினைத்திருந்தேன். அவர் போனது இந்தச் சாமுவேலோடு கடவுள் இருக்கிறாரா இல்லையா என்று சண்டை பிடிக்க.

"இருவது வருஷமா அவனோடை தர்க்கம் பண்ணுறன். இன்னும் முடியேல்லை. உன்னை நான் மதத்துக்குத்தானேடா காவல் வைச்சனான், என்ரை சிநேகிதனுக்கோ?"

அண்ணையின் கண்ணில் தண்ணீரை அன்றைக்குத்தான் முதல்முதலாகக் கண்டேன். அம்மா செத்ததற்கும் அவர் அழவில்லை. அடுத்த நாள் காலையில் முதல் வேலையாகக் கொடிகாமத்துக்குப் பஸ் ஏறினேன்.

சோற்றுக்கு மாறியவர்

வெளிநாட்டுக் காசில் கட்டிய மாடி வீட்டில் ஆள் இருக்கும் என்று நினைத்துப் போனேன். ஆள் சந்தைக்குள் சாக்கு விரித்து முருங்கைக்காய் கட்டிக்கொண்டிருந்தது. நான் சொன்னதைக் கேட்டுவிட்டுக் கை கழுவினார். வியாபாரத்தைப் பக்கத்துப் பெண்ணிடம் விட்டுவிட்டு என்னோடு பஸ்ஸில் ஏறினார்.

"தம்பி, நான் பொய் சொல்லக்கூடாது. நேற்று நான் செபிக்கத்தான் வந்தனான்."

"தெரியும். அதுதான் விடேல்லை."

"பரவாயில்லை. காவல் எண்டால் அப்பிடித்தான் இருக்கவேணும்."

சாவகச்சேரி தாண்டும்வரை பொறுத்துக்கொண்டேன். பிறகு என் குணம் என்னை விடவில்லை.

"ஒண்டு கேக்கிறன், கோவிக்காதையுங்கோ. மாறேக்கை என்ன தந்தவை?"

"சோறு."

நான் திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தேன். அவர் முகத்தில் வெட்கமே இல்லை.

"மனுசி செத்தாப்பிறகு மூண்டு மாசம் குடிச்சுக்கொண்டு கிடந்தன். கோயில்காரர் வரேல்லை, தோழர்மாரும் வரேல்லை. உங்கடை அண்ணை அப்ப வவுனியாவிலை, சண்டையாலை பாதை பூட்டு. ஒரு மனுசன் கதவைத் தட்டி, சாப்பிட்டனியோ எண்டு கேட்டார். நீங்கள் நினைக்கிறது சரிதான் தம்பி, நான் சோத்துக்குத்தான் மாறினனான். ஆனால் நான் திண்டு முடிச்ச பிறகும் அந்தாள் எழும்பிப் போகேல்லை."

எங்கள் பூட்டன் இங்கிலிஷுக்கு மாறினார், இவர் சோற்றுக்கு மாறினார். பூட்டன் திரும்பி வந்துவிட்டார், இவர் திரும்பவில்லை. யாருடைய மாற்றம் உண்மை என்று யோசித்துக்கொண்டு வந்ததில் இறங்கவேண்டிய இடத்தையும் தாண்டிவிட்டோம்.

கேட்டவனும் கேளாதவனும்

வாட்டுக்குள் போனதும் சாமுவேல் சத்தமாகவே கூப்பிட்டார். "டேய் தெய்வம்!"

சாமி இல்லை என்கிறவனைப் பாஸ்டர் தெய்வம் என்று கூப்பிடுகிறார். ஹமீது காக்காவுக்குச் சிரிப்பு அடக்கமுடியவில்லை.

டிப்போக் கதை, வேலைநிறுத்தக் கதை, பொலிசுக்குத் தப்பி ஓடி இரண்டு பேரும் மாட்டு எருக்கும்பிக்குள் விழுந்த கதை. பேசிப் பேசி அண்ணைக்கு மூச்சு வாங்கியது. சாமுவேல் புத்தகத்தைத் திறக்கவே இல்லை. மணி அடிக்கப் போகிற நேரம் மெல்லக் கேட்டார்.

"தெய்வம், நான் உனக்காகச் செபிக்கட்டோ?"

நான் கதிரையில் நிமிர்ந்தேன்.

"வேண்டாம்," என்றார் அண்ணை.

"சரி," என்றார் சாமுவேல். அவ்வளவுதான். முகம் வாடியது, ஆனால் இரண்டாம் தரம் கேட்கவில்லை.

அண்ணை அவர் கையைப் பிடித்துக்கொண்டு என் பக்கம் கண்ணைக் காட்டினார். "பாத்தியோ சின்னராசா, நீ கேட்டாய். உவன் என்ரை தம்பி இருக்கிறானே, ஒரு மாசமா நான் நித்திரை எண்டு நினைச்சு ஒவ்வொரு மத்தியானமும் நெத்தியிலை திருநீறு பூசுறான். பாலுக்கும் காவல், பூனைக்கும் தோழன்."

நான் சேட்டுப் பையைக் கையால் பொத்தினேன். மிஸ்ஸி திரும்பிப் பார்த்தாள். ஹமீது காக்கா மரியாதைக்காக மற்றப் பக்கம் புரண்டு படுத்தார்.

"தெரிஞ்சால் ஏன் அண்ணை பேசாமல் கிடந்தனீங்கள்?"

"உனக்கு அதிலை ஒரு ஆறுதல். பாவம், பூசட்டும் எண்டு விட்டனான். ஆனால் நான் செத்தாப்பிறகு என்னாலை விடேலாது, தடுக்கவும் ஏலாது. அதுதான் எனக்குப் பயம். மற்றவங்களிலை எனக்குப் பயமில்லையடா, உன்னிலைதான்."

கேற்றடியில்

ஒன்பது நாள் கழித்து, காலைத் தேத்தண்ணியோடு நான் போன நேரம் அண்ணை போய்விட்டிருந்தார். வைத்தியபீடத்துக்கு அறிவித்தோம். உடம்பைச் சில மணித்தியாலம் வீட்டில் வைத்திருக்கலாம், வாகனம் பின்னேரம் வரும் என்றார்கள்.

கோயில் தலைவர் சைவக்குருக்களையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். "செயலாளற்றை அண்ணை. ஒரு கிரியையும் இல்லாமல் அனுப்பினால் ஊர் என்ன கதைக்கும்? அஞ்சு நிமிஷம். ஆருக்குத் தெரியப்போகுது?"

ஆருக்குத் தெரியப்போகுது என்றுதான் நானும் ஒரு மாதமாக நினைத்திருந்தேன். நான் கேற்றை விட்டு நகரவில்லை. உள்ளே புவனம் குழறி அழுகிற சத்தம் கேட்டது. எனக்கும் வேண்டும் போலத்தான் இருந்தது. ஒரு தேவாரமாவது கேட்டால் நெஞ்சு ஆறும் போல இருந்தது. குருக்கள் என்னைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அவர் கேட்டவரோ?"

"இல்லை ஐயா. வேண்டாம் எண்டவர்."

அவர் தலையை ஆட்டினார். செத்த வீட்டில் சொல்லிக்கொண்டு போவதில்லை. குடையை விரித்துக்கொண்டு ஒழுங்கையால் நடந்துவிட்டார். தலைவரின் முகம் கறுத்தது.

வேலிக்கு அந்தப் பக்கம் சாமுவேல் நின்றார். கையில் புத்தகம் இல்லை, வாயும் திறக்கவில்லை. உள்ளுக்குள் செபித்திருப்பார் என்பது என் சந்தேகம். அதைத் தடுக்க எனக்கு வழி தெரியவில்லை.

வாகனம் வந்தது. இரண்டு பெடியன்கள் மரியாதையாக இறங்கிச் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார்கள். நாலு பேராக அண்ணையைத் தூக்கிக்கொண்டு வந்தோம். பறை இல்லை, சங்கு இல்லை. சனம் கதைக்கிறது மட்டும் கேட்டது. தலைவர் என் காதடிக்கு வந்தார்.

"எனக்கு மட்டும் சொல்லும். நீரும் மாறீட்டீரோ? எந்தச் சபை?"

முப்பது வருஷமாக ஊரில் எத்தனை பேரை நான் இதே கண்ணால் பார்த்திருப்பேன்! புவனமும் அழுகையை நிறுத்திவிட்டு என் வாயைத்தான் பார்த்தாள். வாகனத்தின் பின்கதவைப் பிடித்து நானே சாத்தினேன்.